ருஸ்தவேலி வீதியில் கம்பியை இறக்குகிறார்கள்

திபிலீசி,
டிசம்பர் 2006

அன்புள்ள நானுலிக்கு,

நான் நலம். நம் மகன் வாஷாவும் நலம். அங்கே நீ பார்த்துக்கொள்கிற கிழவியம்மாவும் நலமாக இருக்கட்டும், ஆனால் என்னைவிட நலமாக இருக்க வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே. போனில் பேசலாம் என்றால், நான் வாய் திறக்கும்போதுதான் உன் பின்னால் யாராவது கிரேக்க மொழியில் கூப்பிடுகிறார்கள், நீயும் ஓடிவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். எழுதவும் உட்கார முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன், டீக்குத் தண்ணீர் வைக்கிறேன், வைத்ததை மறந்துவிட்டு மறுபடி வந்து உட்காருகிறேன். தண்ணீர் சுண்டி, பாத்திரம் கருகி, இப்போது வீடெல்லாம் ஒரே வாடை.

விஷயம் இதுதான்: மேலே கம்பியில் மின்சாரம் வாங்கி, இத்தனை வருஷம் நான் ஓட்டிய டிராலிபஸ் நின்றுவிட்டது. இனி ஓடாது. ருஸ்தவேலி வீதியில் கம்பியை இறக்குகிறார்கள். ஓபரா பக்கம் முடிந்துவிட்டது, நேற்று பாராளுமன்றத்துக்கு எதிரே லாரியில் ஏணியை நிறுத்தியிருந்தார்கள். நடுநகரம் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். வெளிநாட்டுக்காரன் படம் எடுத்தால் கம்பி குறுக்கே விழுகிறதாம். தினமும் போய் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறேன். மரங்களுக்கு மேலே வானம் மொட்டையாகத் தெரிகிறது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அழகாகக்கூட இருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

உலகப் போருக்கு முன்னால் இதே வீதியில் டிராமைத் தூக்கிவிட்டுத்தான் டிராலிபஸ்ஸைக் கொண்டுவந்தார்களாம். அன்றைக்கும் ஒரு டிராம்காரன் பெண்டாட்டியிடம் இப்படித்தான் புலம்பியிருப்பான். பாவம், அவன் பெண்டாட்டி பக்கத்திலேயே இருந்திருப்பாள். அதற்குப் பிறகு இந்தக் கம்பிகளின் கீழே என்னென்ன நடந்துவிட்டது! மே தின ஊர்வலம் போனது, பீரங்கி வண்டி போனது, கொடி மாறியது. பிறகு மின்சாரமே இல்லாத அந்தக் குளிர்காலங்கள். உனக்கு நினைவிருக்கும், பஸ் எங்கே நின்றதோ அங்கேயே கிடக்கும். விடிந்து பார்த்தால் மேலே கம்பியைக் காணோம், செம்புக்காக எவனோ அறுத்துக்கொண்டு போயிருப்பான். அந்தக் குளிரில்தான் நீ கிரீசுக்குக் கிளம்பினாய். ஒரே ஒரு வருஷம் என்றாய். அந்த வருஷம் இன்னும் முடியவில்லை.

போன மாதம் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. உனக்கு அங்கேயே தங்குவதற்குக் காகிதம் வந்துவிட்டது, கிழவியின் மகன் தன் கட்டடத்தில் எனக்குக் காவல் வேலை தருகிறார், வருகிறாயா இல்லையா, புத்தாண்டுக்குள் சொல் என்றாய். பஸ்ஸை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்றேன். வருஷா வருஷம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ வா என்று நானும் சொல்லவில்லை, நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. நடுவில் அந்த நீல பஸ்ஸை நிறுத்திவைத்திருந்தேன். இப்போது அதுவும் இல்லை.

வாஷா மஞ்சள் வேன் ஓட்டுகிறான் என்று தெரியும் அல்லவா? எங்கள் பயணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது இந்த வேன்கள்தான். பெற்ற பிள்ளையே என் வயிற்றில் அடிக்கிறான், ராத்திரி வந்து நான் சமைத்த சூப்பையும் குடிக்கிறான். கடைசி நாள் நடந்ததைக் கேள். கம்பிகள் ஒன்றையொன்று வெட்டுகிற நாற்சந்தி இருக்கிறதே, அங்கே சாண் அகலத்துக்கு மின்சாரம் கிடையாது, வந்த வேகத்திலேயே உருண்டு தாண்ட வேண்டும், செத்தாலும் பிரேக்கைத் தொடக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. சரியாக அந்த இடத்தில் ஒரு மஞ்சள் வேன் குறுக்கே வந்தது. மிதித்துவிட்டேன். பஸ் செத்துப்போய் நின்றது. வேனிலிருந்து இறங்கியது யார் என்கிறாய்? நம் சீமந்த புத்திரன்!

"கடைசி நாளாவது ஒழுங்கா ஓட்டக்கூடாதாப்பா?" என்கிறான்.

"குறுக்க வந்தவன் பேசாதடா! வந்து தள்ளு!" என்றேன்.

தள்ளினான். அவன் வேனில் இருந்தவர்களும் இறங்கி வந்து தள்ளினார்கள். பின்னால் கார்க்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன், சிரித்துக்கொண்டே தள்ளினான், அப்படியே உன் சிரிப்பு.

சாயங்காலம் டெப்போவில் விருந்து. ஆட்டுக்கறி, சீஸ் ரொட்டி, எங்களோடு பஸ் ஓட்டிய ஜெமால் தன் கிராமத்திலிருந்து கொண்டுவந்த ஒயின். கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொல்கிற விருந்துத் தலைவனும் ஜெமால்தான், வேறு யாரை அவன் பேச விட்டான்? நான் சந்தியில் நின்றுபோன கதையைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். பிறகு போனவர்களுக்காகக் கோப்பையை எடுத்தான். எல்லோரும் எழுந்தோம். செத்துப்போன டிரைவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னான், ஒவ்வொரு பெயருக்கும் ரொட்டித் துண்டின் மேல் கொஞ்சம் ஒயின் ஊற்றினோம். பஸ்ஸுக்கும் ஊற்றச் சொன்னான், ஊற்றினோம். குரல் தழுதழுத்துவிட்டது அவனுக்கு, குடித்தும் இருந்தான். அதே வேகத்தில், "நம்ம குராமோட நானுலி, தங்கமான பொண்ணு, அவளுக்கும்" என்றான்.

உயிரோடு இருக்கிறவளுக்கு ரொட்டியில் ஊற்றுகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? யாரோ "டேய் ஜெமால்!" என்று கத்தினார்கள். அவன் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, வாய் தவறிப்போச்சுடா குராம், என் நாக்கை அறுக்கணும்" என்று அழ ஆரம்பித்தான். அவனைக் கொன்றிருப்பேன். ஆனால் குனிந்து மேஜையைப் பார்த்தேன். எல்லோர் ரொட்டியிலும் உன் பெயருக்கான ஒயினும் விழுந்திருந்தது. ஒருவன் கையும் நிற்கவில்லை. என் கையும் நிற்கவில்லை நானுலி. நானும் ஊற்றியிருந்தேன்.

அந்த ரொட்டியை எடுத்து அவர்கள் கண் முன்னாலேயே தின்றேன். செத்தவர்களுக்கு ஊற்றியதைச் சாப்பிடக்கூடாது என்று எனக்கும் தெரியும். தின்றேன். கடைசித் துணுக்குவரை மென்று விழுங்கினேன். வாஷா என்னைத் தோளில் பிடித்து வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். வீட்டு வாசலில் கேட்டான்: "அம்மா வருவாங்களாப்பா?" எனக்குத் தெரியாது என்றேன். "கேளுங்க. நீங்க கேக்கவே இல்ல" என்றான்.

அதனால் கேட்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ இல்லாமல் இருப்பதற்கு என் கை பழகிவிட்டது, அதுதான் பயம். சண்டை போட்டால்கூடப் போனில் போடுகிறோம், ஒருவர் வைத்துவிட்டால் முடிந்தது.

வா. ஒரு வாரத்துக்காவது வா. காவல் வேலைக்கு நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. நீ வந்து, பார்த்து, திட்டி, பிறகு கிளம்பு என்றால், அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் வருகிறேன், கிரேக்கனின் கதவைத் திறந்து மூடிக்கொண்டு கிடக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நீ இந்த ஊருக்குள் நடந்து வர வேண்டும், ஜெமால் பார்க்க வேண்டும், மேஜையில் இருந்த எல்லோரும் பார்க்க வேண்டும். முக்கியமாக நான் பார்க்க வேண்டும்.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். என் கோப்பை உன் கோப்பையில் மோதுகிற சத்தம் கேட்கும்வரை நான் ஒயினைத் தொடமாட்டேன்.

உன்,
குராம்