கோவில் வாசலில் அம்மா

ஒவியேதோ,
அக்டோபர் 9

அன்புள்ள தம்பி தெல்மோவுக்கு,

இங்கே அனைவரும் நலம். மெக்சிகோவில் நீயும் உன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மழைதான் ஓயவில்லை. நல்ல செய்தி இவ்வளவுதான். மீதியை எழுதவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நீ படம் கொடுத்து, சம்மதக் கையெழுத்தும் போட்டு, உன் சிநேகிதன் எலாதியோ செய்த சிலையைக் கோடையில் மலை மாதா கோவில் வாசலில் வைத்துவிட்டார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துச் சுவருக்கு முன்னால் வெண்கலத்தில் நம் அம்மா, இத்தனை வருஷமாகத் தினமும் அவள் திறந்து பூட்டும் கோவிலின் சாவி கையில். நீ கொடுத்த படத்தில் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தாள். எலாதியோ சட்டையை அவிழ்த்து ஒரு மார்பைத் திறந்து வைத்திருக்கிறான். கேட்டால் தாய்மையாம். அவன் தாயை வைத்துச் செய்ய வேண்டியதுதானே?

நம் ஊர்க்காரர்களின் புத்தி உனக்குத் தெரியும். சிலையைக் கண்டால் தடவ வேண்டும், தடவினால் அதிர்ஷ்டம். தெருவுக்குத் தெரு சிலை, ஒவ்வொன்றிலும் மூக்கோ பின்புறமோ தேய்ந்து பளபளக்கும். நாமும் சின்ன வயதில் தடவிச் சிரித்தவர்கள்தான். இப்போது அம்மா சிலையில் அந்த ஓரிடம் மட்டும் மின்னுகிறது. வெட்கம் கெட்ட ஜனங்கள்.

சிலை வைத்த குழுவின் தலைவரைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குப் போனேன். படிக்கட்டருகே பழைய மர மாதா சிலைகளின் வரிசையில், வெண்கலத்துக்கு முன் சாந்தில் செய்து பார்த்த அம்மாவின் மாதிரிச் சிலையும் நிற்கிறது. மாதாக்களுக்குக் கண்ணாடிப் பெட்டி, அம்மாவுக்கு இல்லை. பெயரும் இல்லை, "சாவிக்காரி" என்று மட்டும் எழுதியிருக்கிறது. தலைவர் சிரித்துக்கொண்டே, "தொடுறாங்கன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம், எட்டெல்வினா! இதுக்குப் போய் கோவப்படுறீங்களே" என்றார். சிலையை எடுங்கள் என்று கத்தினேன். கையெழுத்துப் போட்டவர் வேண்டாமென்று எழுதினால் எடுத்துவிடுவார்களாம், நான் கத்திப் பயனில்லையாம்.

போன சனிக்கிழமை கல்யாண மாப்பிள்ளை ஒருவனைத் தோழர்கள் குடிக்க வைத்து மலைக்கு இழுத்து வந்திருக்கிறார்கள். சிலையின் மார்பில் அவனை வாய்வைக்கச் சொல்லி ஒரே கூச்சல். பூட்டைத் திறக்க வந்த அம்மா பின்னாலேயே நின்றிருக்கிறாள். அவர்களுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. "பாட்டி, கொஞ்சம் தள்ளிக்கோங்க, படத்துல விழுறீங்க" என்றானாம் ஒருவன்.

அம்மா கோவிலைத் திறக்காமலே திரும்பிவிட்டாள். அப்பா செத்த மறுநாள்கூடத் திறந்தவள். அன்றிலிருந்து வீட்டு வாசலைத் தாண்டவில்லை. சாவியைப் பங்குத் தந்தைக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். ரொட்டிக்கடைக்குக்கூட நான்தான் போகிறேன். தெருவில் எல்லோரும் தன் மார்பைப் பார்ப்பதுபோல் இருக்கிறதாம்.

நேற்றுதான் வாய் திறந்தாள். "தெல்மோவுக்கு எழுதுடி. இப்படிப் பண்ணிட்டாங்கன்னு தெரிஞ்சா, அவன் அங்கேருந்தே ஒரு வழி பண்ணிடுவான். எம்புள்ள இதுக்கெல்லாம் சம்மதிக்கிறவனா?" என்றாள். நான் தலையாட்டினேன்.

கையெழுத்து உன்னுடையதென்று வேறு யாராவது அவளிடம் சொல்வதற்குள் குழுவுக்கு எழுதிவிடு தம்பி. உனக்கு வழக்கமான முத்தத்தை அனுப்பச் சொன்னாள். அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா,
எட்டெல்வினா