நூன் என்றால் மூன்று மணி

தை 20, ஞாயிறு

இன்று என்னைப் பெண் பார்க்க வருபவர்களுக்கு அப்பா, ‘சண்டே நூன் வாங்க’ என்று வாட்ஸ்அப் அனுப்பியிருந்தார். பரமத்தி வேலூரிலிருந்து அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. வழியில் கார் நின்றுவிட்டதாம். சாம்பார் ஆறிவிட்டது, அப்பா கொதித்துக்கொண்டிருந்தார்.

“பன்னெண்டுக்கு வரச்சொன்னா மூணு மணிக்குங்களா வாரது?” என்று ஆரம்பித்தேவிட்டார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். போட்டோ வந்த நாளிலிருந்தே எனக்கு அவரைப் பிடித்திருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மோர்த் தட்டோடு நடுவில் போய் நின்றேன். பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருப்பதால் பாடம்தான் வாயில் வந்தது.

“அப்பா, நூன்கிறது லத்தீன்ல ஒம்பதுங்கிற சொல்லுல இருந்து வந்ததுங்க. ரோமாபுரியில விடிஞ்சதுல இருந்து மணியை எண்ணுவாங்க. ஆறு மணிக்கு விடிஞ்சா ஒம்பதாவது மணி மத்தியானம் மூணுங்க. பின்னாடிதான் அது பன்னெண்டுக்கு நகந்துச்சு.”

மாப்பிள்ளையின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அப்பறம் என்னங்க சம்பந்தி, நாங்க சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கறோமுங்க!”

அம்மா சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பாதி மோரைத் தட்டிலேயே கொட்டிவிட்டேன்.

அவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஏஞ்சாமி, பையனைப் புடிச்சிருக்குதா?”

தலையாட்டினேன்.

“அதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டனே! அதுக்குப் போயி லத்தீனெல்லாம் இழுக்கோணுமா?”

விடிந்ததும் அவர்களுக்குச் சம்மதம் சொல்லிவிடுவாராம். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.