அளக்காத பன்னிரண்டு கோதுகள்

மச்சான்,

விரலில் பித்தளை மணக்கிறது. சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவியும் போகவில்லை. இன்று உன் வீட்டு பேஸ்மென்டில் இருந்தேன். உன் மனைவி அந்த இல்-பிசார் வீட்டை விற்றுவிட்டுப் புரோசார்ட்டில் மகளோடு இருக்கப் போகிறாள். உரிமம் உள்ள ஒருவர் உன் வேட்டைத் துவக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். "அண்ணை, அந்த வெறும் ரவைக் கோதுகளை நீங்கள்தான் எடுக்கோணும். எனக்கு அதைத் தொடவே ஏலாது" என்றாள். பிஸ்கட் தகரத்துக்குள் அன்று நான் போட்ட ஐம்பதும் அப்படியே கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து அளந்தேன். ஒன்றுகூட அளவுக்கு மேல் நீண்டிருக்கவில்லை. நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. உன் கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

ஊரில் துவக்குச் சத்தம் கேட்டு ஓடி வந்த நாங்கள் இரண்டு பேரும் மொன்றியலில் சுட்ட கோதுக்குத் திரும்ப மருந்து நிரப்பி ரவை செய்தோம் என்றால் யாரும் சிரிப்பார்கள். உன் மனைவி சிரிக்கவில்லை. மான் இறைச்சி மட்டும் மேலே வரலாம், மற்றதெல்லாம் கீழேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். உனக்கு ஏன் இந்த வேட்டை என்று ஒருமுறை நானும் உன்னிடம் கேட்டேன். "அங்க ஆர் சுடுறானெண்டு தெரியாது. இங்க நான்தான் சுடுறன், அதுவும் வருசத்துக்கு ஒருக்கா" என்றாய். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து கீழே இறங்குவோம். சுட்ட கோது நீளும். நீண்டதைச் சீவி அளவுக்குக் கொண்டுவராமல் திரும்ப நிரப்பினால் வாய் இறுகி, சுடும்போது துவக்கே முகத்தில் உடையலாம். அளந்த கோது பலகையில் வாய் மேலே பார்க்க நிற்கும், அளக்காதது வாய் கீழே. அது உன் சட்டம். நான் ஒன்றைக் கண்மட்டத்தில் பார்த்து நிமிர்த்தி வைத்தால் பிடித்துவிடுவாய். "இது உன்ர ஜான்-டலோன் சந்தைத் தக்காளியில்லை, அமத்திப் பாத்து வைக்க" என்பாய்.

பிறகு உன் கை நடுங்கத் தொடங்கியது. கோதை அளக்கப் போனால் அளவுகருவி பட்டுப்பட்டு ஆடும். பேசாமல் அதை என் பக்கம் தள்ளினாய். "இந்த வருசம் கடைசியா ஒருக்கா வேட்டைக்குப் போட்டு வாறன். மருமகனும் வாறான். சுடுறனோ இல்லையோ, மரத்தடியில இருந்திட்டாவது வாறன். நீ அளந்து தா." அடுத்த வருடம் அந்தக் கை துவக்கைத் தாங்காது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த ஞாயிறு நான் சரியாகக் களைத்துப் போயிருந்தேன். ஆறு நாளும் விடிய ஐந்து மணிக்கே சந்தையில் பெட்டி இறக்கியவன். முப்பத்தெட்டாவது கோதோடு கண் மங்கிவிட்டது. மிச்சம் பன்னிரண்டையும் அளக்காமலே நிமிர்த்தி வைத்தேன்.

"எல்லாம் அளந்தியே?" என்று கேட்டாய்.

"ஓம் ஓம்."

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எப்போதும் இன்னொரு தரம் சரிபார்ப்பவன், அன்று அப்படியே எடுத்து வைத்தாய்.

அந்தக் கிழமை இரண்டு தரம் ஃபோனை எடுத்துத் திரும்ப வைத்தேன். நீ புறப்பட இருந்ததற்கு முதல் நாள் ஃபோன் எடுத்துச் சொன்னேன். அதற்குள் ஐம்பதையும் நிரப்பி ஒரே பெட்டிக்குள் போட்டிருந்தாய், எது எதென்று இனித் தெரியாது. "கடையில வாங்கித் தாறன் மச்சான், இப்பவே போறன்" என்றேன்.

"கடை ரவை நல்லதுதான். வேண்டாம், விடு. என்ர கை போனாலும் உன்ர கை இருக்குதெண்டு நினைச்சன்."

நீ போகவில்லை. அடுத்த ஞாயிறு நான் வந்து ஐம்பதையும் பிரித்து மருந்தைக் கொட்டி, வெறும் கோதுகளைத் தகரத்தில் போட்டேன். நீ கீழே இறங்கி வரவில்லை. பிறகு பழையபடி கதைத்தோம், ஊர்ச் செய்தி, என் முதுகுவலி, உன் மருந்து எல்லாம். இதைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. பனி கரைய முன் நீ எங்களை விட்டே போய்விட்டாய். ஏசியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன், நீ ஏசவேயில்லை.

இப்போதெல்லாம் அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். சந்தையில் எண்ணிய பெட்டியை இன்னொரு தரம் எண்ணுகிறேன். என் மனைவிக்கு அலுத்துவிட்டது. "நான் பாத்திட்டன் எண்டு சொன்னா நம்புங்கோவன்" என்கிறாள். அவளை நம்புகிறேன். என்னைத்தான் நம்ப முடியவில்லை, மச்சான்.