எண் யாருக்கு உரியது: நம் வழக்கில் புதிய தீர்ப்பு

நண்பரே,

சென்ற செவ்வாய்க்கிழமை (திங்கள் என்கிறாள் மருமகள், தவறு) பதுளையில் என் வீட்டுத் தொலைபேசிக் கம்பியைக் கழற்றி, இணையத்தில் இயங்கும் சிறு பெட்டியொன்றைப் பொருத்த வந்தார்கள். பழைய கருப்புக் கருவியைத் தூக்கியதும் அதன் பேச்சுக்குழலிலிருந்து நாம் வேலை பார்த்த தொலைபேசி நிலையத்தின் மணம் எழுந்தது.

"புது நம்பர் எடுத்துக்கிட்டா லேசுங்க ஐயா. பழச விட்டுடலாமா?" என்றார் வந்தவர்.

நீர் மறைந்த நாள்முதல் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து ஞாயிறுதோறும் என்னை அழைக்கும் உம் மனைவிக்கு மனப்பாடமான ஒரே எண் அது.

"எந்த எண் எந்தப் பெட்டிக்கு என்று தீர்மானிப்பவர் யார்?"

"அதெல்லாம் மேல இருக்குங்க."

"மேலே எங்கே?"

"எனக்கும் அதாங்க தெரியல."

அவகாசம் கேட்டு அனுப்பிவிட்டுத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கப் நாம் நானா என்றழைத்த பசறைக் கடைக்காரரின் வழக்கே கண்முன் நின்றது. சுற்றுத் தோட்டங்களின் சாவுச் செய்தியெல்லாம் அவர் கடைத் தொலைபேசிக்குத்தான் வரும்; அவர் ஆளனுப்பித் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குச் சொல்வார். எதிர்க்கடைக்காரர் மேலதிகாரியைப் பிடித்து அந்த எண்ணைத் தமக்கு மாற்றக் கேட்டார். நம் நிலையத்து இணைப்புப் பலகையில் ஒரு கம்பியை மாற்றினால் போதும். நீர் மறுத்தீர்.

"நானா வந்து அவரு வாயால சொல்லட்டும், மாத்துறேன்."

"எண் தொலைபேசித் திணைக்களத்தின் சொத்து, காணும்," என்றேன் நான்.

"அப்ப சாவுச் செய்தியும் திணைக்களத்துக்கே வரட்டும். நீங்களே லயம் லயமா போய்ச் சொல்லுங்க!"

இடமாற்ற மிரட்டல் வந்தும் நீர் அசையவில்லை. எண் கடையிலேயே நின்றது. நம் வாதம் மட்டும் நீர் ஓய்வு பெறும்வரை தேநீர் வேளைதோறும் தொடர்ந்தது.

இப்போது கேளும்! தொலைபேசி எண்ணை இணைய முகவரியோடு இணைக்க ஓர் உலகப் பொதுமுறை இருக்கிறது. எண்ணைத் தலைகீழாக எழுதி, இலக்கங்களுக்கிடையே புள்ளி வைத்து, ஒரே வேர்ப்பெயரின் கீழ் சேர்ப்பார்கள். நம் நாட்டுக் குறியெண் தொண்ணூற்று நான்கு அங்கே நான்கு, ஒன்பது என நிற்கும். ஒரு நாட்டின் எண்களுக்குரிய பகுதியை அந்நாட்டு அரசு ஒப்பாமல் எவரிடமும் ஒப்படைப்பதில்லை. என் கட்சி! அடுத்த பத்தியில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்: தனி எண்ணொன்றை அதில் சேர்க்க, அதை வைத்திருப்பவரின் சம்மதம் வேண்டும் என்பதே பல நாடுகள் ஏற்ற நெறி. உமது வாதம், அப்படியே!

தொலைபேசி நிறுவனங்கள் பெரும்பாலும் இந்தப் பொதுமுறையை விட்டுத் தத்தம் உள்பட்டியலையே நம்புகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் அந்த நெறி தந்த துணிவில் வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கே சென்று, பழைய எண்தான் வேண்டும் என்று நின்றேன். முணுமுணுத்தபடி பெட்டியில் அதையே ஏற்றித் தந்தார்கள்.

ஞாயிறு காலை மணி அடித்தது. உம் மனைவிதான். நீர் வென்ற செய்தியை மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்.

"அவருக்கு அது அப்பவே தெரியுங்க ஐயா. ஒங்களுக்குப் புரிய வைக்கத்தான் முடியல."

இருக்கட்டும். அரசின் ஒப்புதல் என்ற பாதி என்னுடையது, காணும். அதை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.