பிறையும் கார்த்திகையும், பக்கத்து வீட்டு ஃபோகஸ் லைட்டும்

மார்ச் 4, செவ்வாய்

நல்ல வெயில். சாயங்காலம் லாரித் தூசி மட்டும், மேகம் இல்ல. லேப்ல ஒரே கூட்டம். ரத்தம் எடுத்து எடுத்து விரல் மரத்துப் போச்சு.

நாளைக்கு நிலா கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்த ஒட்டி வருது. போன மாசம் மேகம். அதுக்கு முந்தின மாசம் பக்கத்து வூட்டு ஃபோகஸ் லைட். அவங்க வூடு எனக்கு மேற்கால. லைட்டு நேரா என் மொட்டமாடியப் பாத்து அடிக்குது. நிலா தப்பிச்சுக்கும், நட்சத்திரமெல்லாம் வெளுத்துப் போயிடும்.

கொஞ்ச நேரம் அணைக்கச் சொல்லி அந்த வூட்டு மாமாகிட்ட கேக்கணும். சொந்தமில்ல, அரியலூருக்குக் குடிவந்ததுலேருந்து மாமா அத்தைன்னு கூப்பிட்டுப் பழக்கம். கேக்கக் கூச்சம். அந்த லைட்டு எதுக்குன்னு தெரியும். அத்தைக்கு ஞாபகம் போயிடுச்சு. பொழுது சாஞ்சா எங்கயாவது கெளம்பிடுவாங்க. வாசல் வெளிச்சமா இருந்தாத்தான் மாமாவுக்கு நிம்மதி.

கேமரா பேட்டரி சார்ஜ். லென்ஸ் துடைக்கணும். ஸ்டாண்டு திருகாணி லூசு. பால் பாக்கெட்.

கேட்டுட்டேன். "கொஞ்ச நேரந்தானம்மா? அணைச்சுக்கலாம். நான் வாசல்லயே உக்காந்துக்குறேன்."

மார்ச் 5, புதன்

எழுதிட்டாத் தூக்கம் வருமான்னு பாக்குறேன்.

இருட்டினதும் லைட்ட அணைச்சாரு. வானம் அவ்வளவு சுத்தம். நிலாவ உரசுற மாதிரி கூட்டம். நிலாவுக்கு ஒரு அளவு, நட்சத்திரத்துக்கு ஒரு அளவுன்னு தானா மாத்தி மாத்தி எடுக்குற மாதிரி கேமராவ வச்சேன். நல்ல வேளைன்னு உக்காந்தேன்.

கீழேருந்து மாமா குரல். "சரோஜா." கொஞ்சம் விட்டு, "சரோஜா, சரோஜா."

எறங்கி ஓடினா கேட்டு தொறந்து கெடக்கு. அத்தை இல்ல. செருப்பு வாசல்ல. தெரு முனை, மளிகைக் கடை, கோயில், எங்கயும் இல்ல. மெயின்ரோட்டுல சுண்ணாம்புக்கல் லாரி ஒண்ணு பின்னால ஒண்ணு. மாமாவ வண்டியில பின்னால வச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் தேடினோம். என் தோளப் புடிச்ச அவரு கை இறுகிக்கிட்டே போச்சு.

அப்ப அவரு போன் அடிச்சுது. பெரம்பலூர் பஸ்ஸோட கண்டக்டர். மாமாவும் ரிட்டயர்டு கண்டக்டர், இவரு மாமாகிட்ட வேலை கத்துக்கிட்டவராம். "அண்ணே, அக்கா நம்ம பஸ்ல உக்காந்திருக்காங்கண்ணே. தனியா இருக்காங்க, கால்ல செருப்பு இல்ல. நான் வண்டிய நிப்பாட்டி வச்சிருக்கேன், வாங்க."

போயிச் சேந்தப்ப பஸ் ஓரமா நின்னுக்கிட்டு இருந்துச்சு. உள்ள அத்தனை சனம், ஒருத்தரும் முனகல. ஒரு பொம்பள தண்ணி பாட்டிலத் தொறந்து அத்தை வாயில ஊத்திக்கிட்டு இருந்தா. அத்தை கையில டிக்கெட்டு. பயப்படாம இருக்கணும்னு கண்டக்டர் கிழிச்சுக் குடுத்தாராம்.

"எங்கம்மா வூட்டுக்குப் போறேன்," அத்தை சொன்னாங்க. அவங்களுக்கு ஊர் பெரம்பலூர். அம்மா செத்து எத்தனையோ வருஷம்.

"நாளைக்குப் போலாம். இன்னிக்கு லேட்டாயிடுச்சு," மாமா சொன்னாரு. எறங்கிட்டாங்க.

திரும்பி வந்து மாடி ஏறினா கேமரா இன்னும் எடுத்துக்கிட்டே இருக்கு. டிக், டிக்னு. நாங்க ரோட்டுல அலைஞ்ச நேரம் பூரா எடுத்திருக்கு. அணைச்சுட்டேன். பாக்கல.

மார்ச் 6, வியாழன்

லீவு போட்டேன். தலைவலி. மாமா வூட்டுப் பக்கம் போக மூஞ்சி இல்ல. லைட்டு சாயங்காலமே எரிய ஆரம்பிச்சிருச்சு.

மார்ச் 9, ஞாயிறு

மாமா வந்தாரு. கையில முருங்கைக்காய். உக்காரச் சொன்னேன், உக்காரல.

"படம் வந்துச்சாம்மா?"

"பாக்கல மாமா. அழிச்சிடப் போறேன்."

"ஏன்?"

என்னாலதானே, அப்படின்னு ஏதோ சொன்னேன்.

அதுக்கப்புறந்தான் உக்காந்தாரு. "லைட்டு இல்லாததுனால போகலம்மா அவ. வாசல்ல உக்காந்தபடியே நான் கண்ணசந்துட்டேன். எரிஞ்சிருந்தாலும் அசந்திருப்பேன். ராத்திரில முழிச்சு முழிச்சுப் பாக்குறா, பகல்லயும் படுக்க வுட மாட்டேங்குறா. யாருகிட்டச் சொல்றது."

அவரு கண்ண அப்பத்தான் கிட்டப் பாத்தேன். செவந்து, கீழ வீங்கி. தெனம் பாக்குற ஆளுதான்.

படத்த லேப்டாப்புல போட்டேன். நிலா வெளிச்சம் கூடிப்போயி வட்டமா வெளுத்து, பக்கத்துலயே கூட்டம், ஒண்ணொண்ணும் பொட்டு வச்ச மாதிரி. இதுவரைக்கும் நான் எடுத்ததுலயே நல்ல படம். ரொம்ப நேரம் பாத்தாரு. "நாம அங்க அலைஞ்சப்ப இதுவா?" அவ்வளவுதான் கேட்டாரு.

இனிமே தெனம் லேப் முடிஞ்சு வந்து சாயங்காலம் அத்தைகூட நான் இருக்கேன், நீங்க படுங்கன்னேன். வேணாம்னாரு. அப்புறம் சரின்னாரு.

மார்ச் 17, திங்கள்

அத்தை என்னை ஒருநாள் தங்கச்சின்னாங்க, ஒருநாள் டீச்சர்னாங்க. இன்னிக்கு நர்ஸ். பூண்டு உரிக்கக் குடுத்தா அமைதி. மாமா பாயில விழுந்தாருன்னா அடுத்த வூட்டுக்குக் கேக்குற கொறட்டை. லேப்ல மேடம், "என்ன, தெனம் கரெக்டா ஓடுற?" "வேலை இருக்கு மேடம்."

ஏப்ரல் 1, செவ்வாய்

புழுக்கம். மேற்கால மேகம், சாயங்காலம் கலைஞ்சிருச்சு.

நிலா திரும்பவும் கார்த்திகைகிட்ட. இந்தத் தடவ கொஞ்சம் தள்ளிக் கீழ, ஆனா மெல்லிசுப் பிறை. அத விட மனசில்ல. மாமாகிட்ட எப்படிக் கேக்குறதுன்னு நின்னேன். அவரே சொன்னாரு, "அவள மாடிக்குக் கூட்டிட்டுப் போ. கையப் புடிச்சுக்க. நான் லைட்ட அணைச்சுட்டுப் படுக்குறேன்."

அத்தைய ஒவ்வொரு படியா ஏத்தினேன். சேர்ல உக்கார வச்சு ஒரு கையால அவங்க கையப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால எடுத்தேன். பிறையோட இருட்டுப் பக்கம் கூட சாம்பலா தெரியுது. மேல கூட்டம். பாதிப் படம் ஆடிப்போச்சு. கொசு. அத்தை கைய உருவிக்கல.

கீழ மாமா கொறட்டை.

அத்தை பிறையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் என் காதுகிட்ட வந்து மெதுவா, "அத யாரு போட்டது? அணைக்கச் சொல்லு. அவரு தூங்குறாரு."

சரிங்கத்தைன்னேன்.