பிடுங்காத ப்ளக்

பக்கத்து வீட்டில் புதுச் சமையலறை போடுகிறார்கள். இன்று காலை தச்சர் பலகையில் பெரிய வட்டமாக ஓட்டை போட்டார். மரம் கருகும் வாடை ஜன்னல் வழியாக வந்ததும் கையிலிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டேன். மல்லேஸ்வரம் மார்க்கெட் வரை நடந்து பார்த்தேன், வாடை கூடவே வந்தது. வேறு வழியில்லாமல் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன், நண்பா.

எத்தனையோ வருஷத்துக்கு முன் என் வீட்டிலும் இதே வேலைதான். அடுப்புப் புகையில் என் மனைவிக்கு மூச்சு இழுக்கும் என்று சிம்னி வாங்கியிருந்தேன். அதன் குழாய் போக அலமாரிப் பலகையில் ஆறு அங்குல ஓட்டை வேண்டும். தச்சர் இரண்டு வாரமாக "நாளே பர்த்தீனி" என்று கன்னடத்தில் நாள் கடத்தினார். "அவனோட 'நாளைக்கு' என்னிக்கும் வராதுடா, வுடு. நான் வரேன்" என்றாய். பீன்யா பாக்டரியில் லேத் ஓட்டும் உனக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஞாயிற்றுக்கிழமை ட்ரில் மெஷினும், வட்டமாக அறுக்கும் 'ஹோல் சா' ரம்பமுமாக வந்து நின்றாய்.

சாப்பாட்டுக் கிண்ணம் அளவு இரும்பு, விளிம்பு முழுக்கப் பல். "சின்ன ட்ரில் பிட்டு மாதிரி இல்ல. கடிச்சுதுன்னா மணிக்கட்டயே முறுக்கிடும்" என்றாய். கோலார் சுரங்கத்தில் இறங்கியவரின் மகன் நீ. எதையும் இரண்டு தடவை கேட்காமல் தொடமாட்டாய். "பலகைய இறுக்கிட்டியா? ஒயரு கால்ல மாட்டலியே? தள்ளி நில்லு." பத்தாவது தடவை கேட்டபோது எனக்கு எரிச்சல் வந்தது. ஹாலில் டிவியில் கிரிக்கெட், கடைசி ஓவர்கள். என் உடம்பு மட்டும்தான் சமையலறையில் இருந்தது.

இரண்டு கையாலும் பிடிக்க வசதியாக ட்ரில்லின் சுவிட்சை, விரலை எடுத்தாலும் ஓடும்படி, அழுத்தி லாக் செய்தாய். பலகை அலறிப் புகைந்தது. கடைசிச் சுற்றில் வட்டக்கட்டை கழன்று கிண்ணத்துக்குள் சிக்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ட்ரில்லும் நின்றது, டிவியும் நின்றது.

நீ தரையில் உட்கார்ந்து மெஷினை மடியில் வைத்துக்கொண்டாய்.

"ப்ளக்க புடுங்கிட்டியாடா?"

"புடுங்கியாச்சுடா."

பிடுங்கவில்லை. ட்ரில்லும் டிவியும் ஹாலில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தன. கரண்ட் வந்தால் டிவியே கத்திச் சொல்லட்டும் என்று எல்லாவற்றையும் ஆனிலேயே விட்டுவைப்பது நம் வீடுகளின் வழக்கம்தானே. சுவிட்ச் லாக்கில் இருப்பதை நீயும் மறந்திருந்தாய்.

விரலால் நெம்பிப் பார்த்தாய், வரவில்லை. ஸ்க்ரூடிரைவர் கேட்டாய். எடுக்க ஹாலுக்குப் போனேன். ப்ளக் கண்ணெதிரே இருந்தது. குனிந்தால் போதும். குனிந்தால் நான் சொன்னது பொய் என்று நீ அங்கிருந்தே பார்த்துவிடுவாய். குனியவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தேன்.

கரண்ட் வந்தது. டிவியில் மைதானத்தின் ஆரவாரமும் உன் அலறலும் ஒன்றாகக் கேட்டன.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. பாக்டரியில் லேத்திலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். டாக்டர், சூப்பர்வைசர், உன் மனைவி என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னாய்: "என் தப்புதான். ப்ளக்க புடுங்க மறந்துட்டேன்." மடியில் ட்ரில் ஓடியபோதே நான் சொன்னது பொய் என்று உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூட நான் நிம்மதியாக இருந்திருப்பேன், படுபாவி.

போன மாதம் உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று உன் மனைவி சொன்னாள்: "ஒரு ப்ளக்க புடுங்கத் தெரியாதவன்னு பாக்டரில கடைசி வரைக்கும் கிண்டல் பண்ணாங்கண்ணா. வெளிய சிரிப்பாரு, வீட்டுக்கு வந்து சாப்புட மாட்டாரு." நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். உன் விரல்களுக்கு மட்டும்தான் நான் காரணம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். உன் பெயரைக் கெடுத்ததும் நான்தான்.

நாளை காலை உன் வீட்டுக்குப் போகிறேன். "வாங்கண்ணா" என்று கதவைத் திறப்பாள். நான் சொல்லி முடித்த பிறகு அவள் என்னை எப்படிக் கூப்பிட்டாலும் சரி.