பிரேக் வில்லையில் மூன்று கோடு

அக். 6, திங்கள்
காலையிலேயே புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டி ஏமாற்றுகிறது. முதுநகரில் பஸ் பிடித்துச் சிதம்பரம். மடியில் டப்பா, உள்ளே நாலு கார்பன் வில்லை. விமான பிரேக் சமாச்சாரம். பிரேக் பிடித்தால் கார்பன் பழுக்கச் சூடாகும், அப்போது காற்று பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்தே போகும். அதைத் தடுக்க மேலே பாஸ்பேட் பூச்சு. எங்கள் குடிகாட்டு யூனிட்டில் நானே குழைத்தது.

சூட்டுச் சோதனையில் தேறினால் பெங்களூர் விமானக் கம்பெனி ஆர்டர். தேறாவிட்டால் பூச்சு வேலையையே மூடிவிடுவாராம் முதலாளி. எனக்கும் கூட வேலை பார்க்கிற ஜோசப் அண்ணனுக்கும் வேலை போச்சு.

வில்லைகளை வாடகை உலையில் வைத்தாயிற்று. வாங்க: கையுறை, பாப்பாவுக்கு ஸ்கெட்ச், தலைவலி மாத்திரை.

அக். 7, செவ்வாய்
எடை போட்டேன். நாலுமே இளைத்துவிட்டன, கார்பன் எரிந்திருக்கிறது. தராசு மேல் சந்தேகப்பட்டு மறுபடி போட்டேன். அதே கதை.

லென்ஸில் பார்த்தால் எல்லா வில்லையிலும் பொடிப்பொடிப் பள்ளம். அதுவும் வரிசையாக, மூன்று கோடு. விபூதிப் பட்டை!

போன வாரம் ஆயுத பூஜை. அடுப்பு, தராசு, மிக்ஸர் எல்லாவற்றுக்கும் முதலாளி பட்டை போட்டார். பூசிக் காய வைத்திருந்த வில்லைகளையும் விடவில்லை. ஜோசப் அண்ணன் துணியால் துடைத்துத்தான் கொடுத்தார். துணியில் வந்தது கொஞ்சம், உள்ளே இறங்கினது மீதி. சாம்பலில் இருக்கிற உப்பு கார்பனைச் சீக்கிரம் எரிய வைக்கும். படித்தவள் நான், பக்கத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

அக். 8, புதன்
முதலாளியிடம் சொன்னேன். சாமி குத்தம் ஆகிவிடுமோ என்று பயந்து பயந்து. அப்புறம் முகம் தெளிந்தது.

“அப்ப பூச்சு மேல தப்பு இல்லல்ல? வுடு. புதுசா நாலு பண்ணி அனுப்பு. இத வெளிய சொல்லாத.”

அப்பாடா என்றிருந்தது. வெளியே வந்து ஜோசப் அண்ணனிடம் சொன்னால் அவர் சிரிக்கவில்லை.

“பிளேனுக்கே எலுமிச்சம்பழம் வெக்கிற ஊரும்மா இது. அங்க யாரும் பட்டை போட மாட்டாங்கன்னு நீ எழுதிக் குடுப்பியா? வேர்த்த கையாலதான் வில்லைய மாட்டுவாங்க. அதுவும் உப்புதான்.”

நிம்மதி அரை மணி கூட நிற்கவில்லை. வேர்வைக்குத் தாங்காத பூச்சு என்ன பூச்சு? மனுஷங்க உட்கார்ந்து வருகிற வண்டி. திரும்பிப் போய் அதையே முதலாளியிடம் சொன்னேன். முறைத்தார். எழுந்து போய்விட்டார்.

பாப்பாவுக்கு லேசாகச் சூடு. கஷாயம்.

அக். 9, வியாழன்
மழை. கரண்ட் வந்து வந்து போகிறது. புது வில்லைகளுக்கு இரண்டு அடுக்குப் பூச்சு. அடிப்பூச்சு துளைகளை அடைக்க, மேல்பூச்சு உப்பை நிறுத்த. அப்படித்தான் நினைக்கிறேன், நிச்சயமாகத் தெரியாது. முதலாளி இந்தப் பக்கமே வரவில்லை. வேலை போகிற நேரத்தில் வாய்க்கொழுப்பு எனக்கு.

அக். 10, வெள்ளி
சிதம்பரம். ஜோசப் அண்ணனும் கூட வந்தார். உலை வாசலில் முதலாளி நிற்கிறார், நெற்றி நிறைய விபூதி. சத்தம் போடப் போகிறார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து கோயில் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

“எவ்ளோம்மா பூசணும்?”

ரெண்டு வில்லைக்கு மட்டும் போதும், மீதி ரெண்டு ஒப்பிட்டுப் பார்க்க என்றேன். வழக்கமாகப் போடுகிற மாதிரியே அழுத்தி இழுத்தார். தாங்குமா என்று கேட்டார்.

“தெரியல சார்.”

தலையாட்டினார். ஜோசப் அண்ணன் உலைக் கதவைச் சாத்தினார்.